மைதா பசையும் முப்பத்தோரு மாட்ஸா உறைகளும்

மற்றவர்களுக்குப் பெசாக் பண்டிகை ஒரு வாரம். புரூரியா தஹானுக்கு அது ஒன்றரை மாதம். ஒரு மாதம் முன்னால் வரும் பூரிம் பண்டிகை முடிந்த மறுநாளே வீட்டு அலமாரிகளை இழுத்துப் போட்டுத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். கோட்டுப் பையைத் திருப்பி உதறுவாள், புத்தகத்தைப் பிரித்து உதறுவாள், புருஷன் சும்மா உட்கார்ந்திருந்தால் அவரையும் எழுப்பி உதறுவாள். பண்டிகைக்கு வீட்டில் புளித்த மாவின் ஒரு துணுக்குகூட, ஒரு ரொட்டித் தூள்கூட இருக்கக் கூடாது என்பது எல்லா யூதர்களுக்கும் உள்ள சட்டம்தான். புரூரியாவுக்கு அது மானப் பிரச்சினை.

இஸ்ரேலின் பாலைவன ஊரான திமோனாவில் ஒரு பாலர் பள்ளியில் அவள் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். டீச்சர்கள் வந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மாற்றல் வாங்கிப் போனார்கள். புரூரியா அசையவில்லை. பெயருக்குத்தான் உதவியாளர், பண்டிகைக் கைவேலை என்று வந்துவிட்டால் அவள் வைத்ததுதான் சட்டம். புத்தாண்டுக்கு அட்டை மாதுளை, கூடாரப் பண்டிகைக்குக் காகிதச் சங்கிலி, ஹனுக்காவுக்குக் களிமண் விளக்கு, பூரிமுக்கு முகமூடி, பெசாக்குக்கு, எகிப்து அடிமைத்தனத்திலிருந்து மீண்ட கதையின் துணித் தவளைகளும் கடலும் ஒட்டிய, புளிக்காத மாட்ஸா அப்பங்களை வைக்கும் துணி உறை. இவற்றையெல்லாம் ஒட்டுவது அவள் கையால் காய்ச்சிய மைதா பசை. பிள்ளைகளை ஸ்டூலில் ஏற்றி, முறை வைத்துக் கிண்டவிடுவாள். கடையில் பாட்டில் பசை வாங்கலாமே என்று புது டீச்சர் இன்பால் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

"அது ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் பொண்ணே. என் பசையைப் புள்ளைங்க நக்கினாக்கூட ஒண்ணும் ஆகாது" என்று முடித்துவிட்டாள் புரூரியா.

இன்னொரு சங்கதியும் உண்டு. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின், அவர்கள் கோணல்மாணலாக ஒட்டியதையெல்லாம் உரித்து நேராக ஒட்டி வைப்பாள். முப்பத்தோரு கைவேலையும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். பெற்றோர்கள் "அடேயப்பா!" என்பார்கள். பின்பக்கம் எழுதிய பெயரைப் பார்த்தால்தான் எது யாருடையது என்று தெரியும்.

பூரிம் கழிந்தால் பள்ளி வாசலில் துடைப்பத்தோடு நின்றுவிடுவாள். வருகிற பிள்ளைகளின் சட்டைப் பையெல்லாம் சோதனைக்கு உள்ளாகும். அந்த வருஷம் ஐந்து வயது தஹேலின் பையில் பிஸ்கட் பொடி அகப்பட்டது. அவள் அம்மா ஓஷ்ரித் சலூன் வைத்திருப்பவள். "ஊரார் தலைமுடியெல்லாம் கூட்டறே, பெத்த பொண்ணு பையைக் கூட்ட நேரமில்லையா?" என்று எல்லாப் பெற்றோர் முன்னாலும் புரூரியா கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஓஷ்ரித் அவளிடம் பேசுவதில்லை.

பண்டிகை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் காலை. தஹேலின் பையை உதறிக்கொண்டிருந்தாள் புரூரியா. ஓஷ்ரித் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"புரூரியா, புளிப்புன்னா என்ன?" என்றாள் குழந்தை.

"கோதுமை மாவுல தண்ணி பட்டு ஊறினா புளிப்பு, என் கண்ணே. ரொட்டி, கேக், பிஸ்கட், எல்லாந்தான்."

"அப்ப உன் பசை?"

"என் பசைக்கு என்னடி?"

"அதுவும் மாவும் தண்ணியுந்தானே? நான்தானே கிண்டினேன். அதை வெச்சுத்தானே மாட்ஸா உறையில தவளை ஒட்டினோம்?"

புரூரியாவின் கை அப்படியே நின்றது. வருஷா வருஷம் பூரிம் அன்றே மைதா பசையைக் கொட்டிவிட்டு, உருளைக்கிழங்கு மாவில் பசை காய்ச்சி, அதற்கப்புறம்தான் மாட்ஸா உறையைத் தொடுவாள். இந்த வருஷம் அம்மை போட்டுப் பாதிப் பிள்ளைகள் படுத்துக்கொண்டதால், இருக்கிறவர்களும் படுப்பதற்குள் முன்கூட்டியே முடித்துவிடலாம் என்றாள் இன்பால். பூரிமுக்கு முன்னால் ஆரம்பித்தார்கள். பானையில் இருந்தது மைதா. ஐந்து வாரமாக முப்பத்தோரு உறைகளும் அலமாரி மேல் அழகாக அடுக்கி இருக்கின்றன. விருந்து மேஜை நடுவில் மாட்ஸாவைச் சுமந்து நிற்க வேண்டிய உறை, அதில் புளிப்பு!

"அட, அட, அட!" ஓஷ்ரித்துக்கு வாய் திறந்துகொண்டது. "என் பொண்ணு பையில ஒரு சிட்டிகை பொடி. உங்க பானையில ஒரு மூட்டை மாவு! அந்தத் துடைப்பத்தை இப்படிக் குடுங்க, நான் ரெண்டு நிமிஷம் நிக்கிறேன்."

இன்பால் ஓடிவந்து புரூரியாவை உள்ளே இழுத்துப் போனாள். "பேசாம விடுங்க. காஞ்சுபோன பசை, நாய்கூடத் தின்னாது. நம்ம குரு ரப்பியைக் கேட்டா பரவாயில்லைன்னுதான் சொல்லுவார்."

"வீட்டு மூலையில கிடந்தா பரவாயில்லைம்பார். மாட்ஸா மேல உதிர்ந்தா?"

"அப்ப லீவு முடிஞ்சு வேற செஞ்சு குடுக்கலாம்."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் மேளமா?"

புரூரியாவுக்கு அழுகை முட்டியது. வாயை மூடிக்கொண்டால் போதும். ஓஷ்ரித் சொன்னாலும் ஊர் நம்பாது. புரூரியாவா, புளிப்பா, போடி என்பார்கள். ஆனால் முப்பத்தோரு வீட்டு மேஜையிலும் அந்த உறை இருக்கும்போது, தன் வீட்டு மேஜையில் ஒரு வாய் அவளுக்கு இறங்குமா? மணி எட்டேகால். ஒன்றே முக்காலுக்குப் பிள்ளைகளை அழைக்க வருவார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள்.

"எல்லாரும் கேளுங்க! உறையை மைதா பசை போட்டு ஒட்டிட்டேன். தப்பு என்னோடது, டீச்சரோடது இல்ல. ஒண்ணேமுக்காலுக்குச் சுத்தமான உறை ஒவ்வொரு புள்ளை கையிலயும் இருக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த வருஷம் இந்த வாசல்ல என்னைப் பார்க்க மாட்டீங்க."

ஓஷ்ரித் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஃபோனை எடுத்து, சலூனுக்கு வரவேண்டியவர்களை மத்தியானம் வரச் சொன்னாள். பண்டிகை நெருக்கத்தில் ஒரு காலை நேரம் சலூனை மூடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

"என்ன செய்யணும்?" என்றாள்.

"தண்ணியைக் கொதிக்க வை."

மைதா பசைக்கு ஒரு நல்ல குணம், கொதிக்கிற தண்ணீரில் விட்டுக்கொடுத்துவிடும். தவளைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. "பாட்டில் பசையா இருந்தா பிளேடு போட்டாலும் வராது, பார்த்தியா?" என்றாள் புரூரியா பெருமையாக.

"பாட்டில் பசையா இருந்தா கழட்டவே வேண்டியிருக்காதே" என்றாள் இன்பால்.

"வாயை மூடிட்டு அலசு."

மூன்று பெண்களும் முழங்கை வரை சோப்பு நுரையில் நின்று, தேய்த்து, அலசி, பிழிந்து, விளையாட்டுத் திடல் வேலியில் உறைகளையும் தவளைகளையும் வரிசையாகக் காயப்போட்டார்கள். திமோனா வெயில் அரை மணியில் மொடமொடவென்று உலர்த்திக் கொடுத்தது. ஆனால் பின்பக்கம் எழுதியிருந்த பெயர்களும் தண்ணீரோடு போய்விட்டன. அவை காய்வதற்குள் புரூரியா மூன்று தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு ஓடினாள். பெசாக்குக்கு மட்டுமே வெளியே வரும் பானையைப் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு, ஐம்பத்தாறு வயது முழங்காலைத் திட்டியபடி ஓடிவந்தாள். மைதா பட்ட பள்ளி அடுப்புக்கு அலுமினியத் தாள் சுற்றி உருளைக்கிழங்கு மாவில் பசை காய்ச்சி இறக்கியபோது மணி பன்னிரண்டு.

உடனே உட்கார்ந்து தானே ஒட்ட ஆரம்பித்தாள். பிளந்த கடல், தவளை, திராட்சை மதுக் கிண்ணம், எல்லாம் அளவெடுத்த மாதிரி. இருபது நிமிஷத்தில் நான்கு உறைதான் முடிந்தது.

"புள்ளைங்க ஒட்டட்டும்" என்றாள் இன்பால்.

"கோணலாப் போயிடும்!"

"போகட்டும் புரூரியா. மணியைப் பாருங்க."

கொதிதண்ணீரில் கைவிட்டதைவிட இது அவளுக்குச் சுட்டது. ஆனாலும் பசைக் கிண்ணங்களை மேஜையில் வைத்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒருவன் தவளையை மதுக் கிண்ணத்துக்குள் குளிக்கவிட்டான். ஒருத்தி கடலைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, மழை பெய்கிறது என்றாள். தஹேலின் உறையில் கடலுக்கு இடமே இல்லை. அப்பா தவளை, அம்மா தவளை, பாப்பா தவளை. புரூரியா ஒட்டிய அந்த நான்கு உறைகளையும் யாரும் சீந்தவில்லை. "இது என்னோடது இல்ல" என்று நான்கு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். பசை ஈரமாக இருந்தபோதே அவளே உரித்துக் கொடுத்தாள்.

ஒன்றே முக்கால். பெற்றோர்கள் உள்ளே வந்தார்கள். நீள மேஜையில் முப்பத்தோரு உறைகள், ஒன்றில்கூடப் பெயர் இல்லை. இந்தக் கோணல்களைப் பார்த்து என்ன சொல்லப் போகிறார்களோ?

"அவங்கவங்க உறையை எடுத்துக்குங்க" என்றாள், குரல் இறங்கி.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். தேடல் இல்லை, சண்டை இல்லை. ஆளுக்கு ஒன்றை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு அப்பா அம்மாவிடம் ஓடினார்கள். மேஜை ஒரு நிமிஷத்தில் காலி.

"பேரே இல்லையே, உன்னோடதுன்னு எப்படிடா தெரியும்?" என்று ஒரு அப்பா கேட்டார்.

"நான் ஒட்டினது எனக்குத் தெரியாதா?" என்றான் மகன், அப்பாவின் புத்தியை நினைத்து வருத்தப்பட்டவன்போல.

அந்த மனிதர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவன் அண்ணன் செஞ்சது வீட்டுல இருக்கு. ரொம்ப அழகு. ஆனா அவன் செஞ்சதுன்னு நான் நம்பினதே இல்ல" என்றார் மெதுவாக. புரூரியாவுக்குச் சுருக்கென்றது.

அதற்குள் தஹேல் நாற்காலியில் ஏறிவிட்டாள். மூன்று தவளைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். "புரூரியா தப்பாப் பண்ணிட்டா! நாங்க எல்லாரும் சேர்ந்து சரி பண்ணிட்டோம்!"

ஓஷ்ரித் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தப் பார்த்தாள். "விடு அவளை" என்றாள் புரூரியா. பிறகு, வாசலில் காலையில் கத்தியதைவிட உரக்கக் கத்தினாள்: "ஆமாம்! இருபத்திரண்டு வருஷமா இவங்க செஞ்சதை நான் திருத்திட்டு இருந்தேன். இன்னிக்கு நான் செஞ்சதை இவங்க திருத்திட்டாங்க!"

பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புரூரியா ஈர ஏப்ரனில் முகத்தைப் புதைத்து அழுதாள், சிரித்தாள். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது ஓஷ்ரித்தான்.