கண்ணின்கீழ்ச் சுழி

குதிரைக்கு மணம் பேசுவது மக்களுக்கு மணம் பேசுவதைவிட எளிது என்று ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் ஒரு திங்கள்கூட நிலைக்கவில்லை.

அந்நாளில் பதுளைக்கு அப்பால், ஸ்பிரிங்வெளிக்கும் மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்துச்சாலைப் பொறுப்பில் இருந்தேன். பட்டம் பெற்ற மருத்துவன் அல்லேன். மருந்து கலக்கவும், காய்ச்சலையும் கழிச்சலையும் கண்டு பார்க்கவும் பயின்றவன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த மக்களோ என்னை டாக்டரையா என்றே அழைத்தனர். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.

தோட்டத்துக்கு மூன்று பிரிவுகள். கீழிரண்டையும் கோலூன்றி நடந்தே பார்த்துவிடலாம். மேற்பிரிவு அத்தகையதன்று, கணவாயைக் கடந்து, செங்குத்தான குறுக்குப் பாதையில் ஏறிச் செல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அப்பாதையில் வழுக்கி விழுந்து வலது முழங்காலை முறித்துக்கொண்டேன். அதன்பின் என்னை மேலே சுமந்து சென்றது பர்மாவிலிருந்து வந்த ஒரு கிழ மட்டக்குதிரை. அதற்கு மூச்சிரைப்பு. கணவாயில் நின்றுவிடும். நான் இறங்கி அதன் முதுகைத் தடவிக்கொடுப்பேன். நோயாளியைப் பார்க்கப் புறப்பட்டவர் எவர், நோயாளி எவர் என்று எதிரே வருவோர் ஐயுறுவர்.

எங்கள் துரை நல்லவர். ஆயினும் ஒருநாள் அழைத்து, தமக்குத் தெரிந்த தமிழில் விளங்கச் சொன்னார். "டாக்டர், இந்தக் குதிரை விழும். அப்புறம் நீ மேல் டிவிஷன் எப்படிப் போகும்? மொனராகலைப் பக்கம் ஒரு தோட்டம் இருக்குது. எல்லாம் சமநிலம். உன் காலுக்கு நல்லது."

என் காலுக்கு நல்லதுதான். அங்கே ஆண்டில் பாதி நாள் நடுக்குக் காய்ச்சல். என் மனைவியோ மலைக்குளிருக்கென்றே பிறந்தவள். மொனராகலை என்ற சொல் காதில் விழுந்தால் விசிறியைத் தேடுவாள். மேற்பிரிவுக்கு ஏற ஒரு குதிரை எனக்கு வேண்டும், இல்லையேல் மலையைவிட்டு இறங்க வேண்டும். நிலைமை இவ்வளவே.

துரையிடம் வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலில் வந்த ஓர் ஆண்மட்டம் இருந்தது. சாம்பல் நிறம். என் மார்பளவு உயரம். அகன்ற நெஞ்சு, உருண்டு திரண்ட எலும்பு, பிடரி மயிர் கண்ணை மறைக்கும். ஒருநாள் பகலில் அதற்கு வயிறு பொருமிப் புரளத் தொடங்கிற்று. கால்நடை மருத்துவர் வந்து சேர இரண்டு நாளாகும். சுக்கும் பெருங்காயமும் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினேன். மாலைக்குள் அது புல்லைத் தேடிற்று. மறுநாள் துரை மருந்துச்சாலைக்கே வந்தார்.

"நீ ஒரு பெட்டை கொண்டு வா. நல்ல பெட்டை. ஒன்று மாத்திரம். மாசி முடிந்தால் குதிரை திம்புளைக்குப் போகும், நான் ஊருக்குப் போகும்."

ஒரு பெட்டை, ஒரு முறை. தவறினால் மறுவாய்ப்பு இல்லை. குட்டி பிறந்து, வளர்ந்து, சேணம் ஏற்க நான்கு ஆண்டுகள் கழியும். அதுவரை பர்மாக் கிழவன் தாங்க வேண்டும்.

குதிரை இலக்கணத்தில் எனக்கு ஏட்டறிவு உண்டு. பழைய பரிநூல் ஒன்றை இளமையில் படி எடுத்திருந்தேன். எந்நாட்டுக் குதிரைக்கு என்ன குணம், எவ்விடத்துச் சுழி எப்பயன் தரும் என்பன அதில் விரிவாகக் கிடக்கும். துரையின் குதிரைக்காரர் மதுரைப் பக்கத்தவர், எழுத்தறியாதவர், குதிரையோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவர். அவரையும் உடன் அழைத்துக்கொண்டேன், கயிறு பிடிப்பதற்காக.

அரபுப் பெட்டையை முதலில் நினைத்தேன். அழகில் அதற்கு நிகரில்லை. ஆனால் எங்கள் பக்கம் இருந்த ஒரே அரபுப் பெட்டைக்குத் தோல் மெல்லியது. அட்டை ஏறினால் அன்று முழுதும் துள்ளும். நம் மலையில் அட்டைக்குக் குறைவில்லை. அவ்வெண்ணம் அத்துடன் முடிந்தது.

பதுளையில் என் நண்பரான ஜவுளிக்கடை முதலாளியிடம் ஆஸ்திரேலியப் பெட்டை ஒன்று இருந்தது. பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்தது. குள்ளத் தந்தையும் நெட்டைத் தாயும் கூடினால் நடுத்தரக் குட்டி பிறக்கும் என்பது என் கணக்கு. நானோ பருத்த உடம்பினன். உயர்ந்த குதிரையே என்னைத் தாங்கும் என்று நம்பினேன். சுழிகளைத் தேடினேன். நெற்றியில் ஒன்று, கழுத்தின் இருபுறமும் ஒவ்வொன்று. நூல் புகழும் அமைப்பு.

"எப்படி இருக்கிறது?" என்று குதிரைக்காரரைக் கேட்டேன்.

அவர் பெட்டையை அண்ணாந்து பார்த்தார். "உசரம் நல்லாத்தான் இருக்குங்க. நம்ம ஆளுக்கு ஏணிய யாரு புடிக்கிறது?"

முதலாளி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "மலையில் சரிவுக்கா பஞ்சம்? பெட்டையைக் கீழ்ப்பக்கம் நிறுத்தினால் தீர்ந்தது."

"அப்பனுக்குச் சரிவு ஒதவும். பொறக்குற குட்டி அந்தக் காலை வச்சுக்கிட்டுச் சரிவுல என்ன பண்ணும், ஐயா?"

முதலாளி மறுவாரம் பெட்டையை அனுப்புவதாகச் சொன்னார். நான் இசைந்தேன். திரும்பும் வழியில் ஹாலிஎலயில் குதிரைக்காரர் தாமாகவே ஒரு புகையிலைக் கிட்டங்கியின் பின்புறம் என்னை அழைத்துச் சென்றார். அங்கே யாழ்ப்பாணத்துப் புகையிலை வியாபாரி ஒருவர் தங்கியிருந்தார். கொட்டிலில் ஒரு சிறு பெட்டை. செந்நிறம், ஒடுங்கிய உடல், கரிய குளம்பு. நெடுந்தீவில் தன்போக்கில் திரியும் மந்தையிலிருந்து பிடித்தது என்றார்.

"உது கல்லுக்கையும் முள்ளுக்கையும் வளந்தது, ஐயா. உப்புத் தண்ணியும் குடிக்கும். உங்கட மலை உதுக்கு விளையாட்டு," என்றார் வியாபாரி.

"விற்பீர்களா?"

"ஒருத்தரும் வாங்கினமில்லை. முகத்தைப் பாருங்கோ, விளங்கும்."

பார்த்தேன். இடக் கண்ணின்கீழ், கண்ணீர் வழியும் தடத்தில், தெளிவாக ஒரு சுழி. பரிநூல் இதைக் கண்ணீர்ச் சுழி என்று விலக்குகிறது. இதன்மேல் ஏறுகின்றவன் அழுவான் என்கிறது. பதுளைக் கடைத்தெருவில் நூல் படியாதவருக்கும் அது தெரியும். அதனால்தான் வியாபாரி வாரத்துக்குத் தர முன்வந்தார்: பெட்டையை நான் வைத்துப் பேண வேண்டும், முதற்குட்டி எனக்கு, பிறகு பெட்டை அவருக்கு.

"வேண்டாம்," என்றேன்.

"சுழியிலயா ஏறிப் போகப் போறீங்க? குளம்பைப் பாருங்க," என்றார் குதிரைக்காரர். "ஒங்க எடைக்கு உசரம் வேணாங்க. எலும்பு வேணும், குளம்பு வேணும். அப்பன்கிட்ட எலும்பு இருக்கு. ஆத்தாகிட்ட குளம்பு இருக்கு. இன்னும் என்ன கேக்குறீங்க?"

நான் நூலில் உள்ளதை எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "அந்தப் புத்தகம் எழுதுனவரு எந்த மலையில ஏறுனாரு?" என்று வினவினார். நூலில் அது எழுதியிருக்கவில்லை. இருப்பினும் வேண்டாம் என்றே சொல்லி வீடு வந்தேன்.

இரவு உணவின்போது நடந்தவற்றை மனைவியிடம் கூறினேன். கண்ணீர்ச் சுழியைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைத்திருப்பேன். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, ஒங்க தலையில எத்தனை சுழி?"

"இரண்டு."

"ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டின்னு ஊருல சொல்லுவாங்க. பொண்ணு பார்க்க வந்தன்னிக்கே எங்க பெரியம்மா கண்டுபிடிச்சிட்டா. குடுக்காதீங்கன்னு எங்கப்பாகிட்டச் சொன்னா."

"உன் தந்தையார் என்ன சொன்னார்?"

"மாப்பிள்ளை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே அரை நாழி யோசிக்கிறாரு, ரெண்டு பேருக்கு எங்க பதில் சொல்லப் போறாருன்னாரு." ரசச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள். "இருபது வருசம் ஆச்சு. அந்த ரெண்டாவது ஆள இன்னும் காணோம். எங்கப்பா சுழியப் பார்த்திருந்தா நீங்க இன்னிக்கு எங்க சாப்பிட்டுக்கிட்டு இருப்பீங்க?"

பரிநூலில் இவ்வினாவுக்கும் விடையில்லை. ஆயினும் படித்தவன் ஒரேயடியாகத் தோற்றுவிட முடியுமா? இரு பெட்டைகளையும் தோட்டத்துக்கு வருவித்து, தேர்வு ஒன்று வைப்பதென்று தீர்மானித்தேன்.

தேயிலை ஆலைக்குப் பின்னால், கொழுந்துக் கூடையோடு பெண்கள் இறங்கி வரும் கற்படிகள் நாற்பது இருக்கும். காலையில் பனி ஈரம் அவற்றின்மேல் மின்னும். ஆஸ்திரேலியப் பெட்டை முதற்படியில் நின்று, தன் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. கயிறு இழுத்தும் அசையவில்லை. பெரிதும் வற்புறுத்தியபின் மூன்று படி இறங்கி, வியர்த்து, நான்காம் படியில் உட்கார்ந்தே விட்டது. குதிரை உட்காரும் அழகை நான் கண்டது அன்றுதான். கூடையோடு மேலே காத்திருந்த பெண்களில் ஒருத்தி, "அக்கா எந்திரிச்சு வழி விட்டா நாங்க போவோம்," என்றாள்.

நெடுந்தீவுப் பெட்டையைக் கொண்டுவந்தபோது குதிரைக்காரர் கயிற்றை அதன் கழுத்திலேயே போட்டுவிட்டார். அது படிகளில் தன்போக்கில் இறங்கிற்று. பாதி வழியில் நின்று, கல்லிடுக்கில் முளைத்த புல்லைக் கடித்துத் தின்று, மீதியையும் இறங்கிற்று.

மேலே நின்று பார்த்திருந்த துரை புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "குட்டி அப்பன் முதுகு வாங்கும், அம்மா கால் வாங்கும். எந்தக் கால் வேணும், டாக்டர்?"

"இந்தக் கால்தான், துரை," என்றேன். முதலாளியின் பெட்டைக்கு நன்றி கூறித் திருப்பி அனுப்பினேன். அது படியேறுவதற்கு மதியமாயிற்று.

மாசி முடிவதற்கு எட்டு நாள் இருக்கையில் பெட்டை பருவத்துக்கு வந்தது. மணம் நிகழ்ந்தது. ஏணியும் வேண்டியதில்லை, சரிவும் வேண்டியதில்லை. துரை ஊருக்குப் போனார். ஆண்மட்டம் திம்புளைக்குப் போயிற்று. அதன்பின் மூன்று மாதம் நான் அந்தப் பெட்டையின் வயிற்றைப் பார்த்த கவலையோடு எந்த நோயாளியின் வயிற்றையும் பார்த்ததில்லை. தை மாதத்து விடியற்காலையில் குட்டி பிறந்தது. ஆண், தந்தையைப் போன்ற நெஞ்சு, தாயைப் போன்ற கரிய குளம்பு. நான் குனிந்து முகத்தைத் துடைத்தேன். இடக் கண்ணின்கீழ், தாய்க்கு இருந்த அதே இடத்தில், அதே சுழி.

குதிரைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

குட்டி பால்மறந்ததும் பெட்டை வியாபாரியிடம் திரும்பிற்று. குட்டி என் வீட்டுக் கொல்லையில் வளர்ந்தது. என் மனைவி அதற்குச் சோற்றுக் கஞ்சி ஊட்டிக் கெடுத்தாள். பர்மாக் கிழவன் நான்கு ஆண்டும் தாக்குப்பிடித்தான்; ஐந்தாம் ஆண்டு கார்த்திகையில் ஒருநாள் கணவாயில் படுத்தவன் எழவில்லை.

அதற்குள் புதிய துரை வந்திருந்தார். பேச்சுக் குறைவு, கையில் எப்போதும் கடிகாரம். கிழவன் இறந்த செய்தி கேட்டு என்னை அழைத்தார். வெள்ளிக்கிழமை காலை தாம் மேற்பிரிவுப் பெரட்டில் நிற்பதாகவும், ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து வேலைக்குப் பிரித்து முடிப்பதற்குள் நான் அங்கே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். வராவிட்டால் மொனராகலைக்கு எழுதிவிடுவார். குட்டிக்குச் சேணம் பழகி இரண்டே திங்கள் ஆகியிருந்தது. கணவாய்க்கு மேல் அது ஏறியதே இல்லை.

வெள்ளிக்கிழமை, கீழ்வானம் வெளுக்கையில் ஏறினேன். மருந்துப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டேன். மேற்பிரிவில் ஒரு கிழக் கங்காணிக்கு நெஞ்சுச்சளி, அவரையும் பார்க்க வேண்டியிருந்தது. என் எடைக்குக் குதிரை ஒருமுறை பெருமூச்சு விட்டது. அவ்வளவே. குறுக்குப் பாதையில் அது நடக்கவில்லை. ஆட்டைப் போலத் தாவிற்று. கிழவன் நின்று இளைப்பாறிய இடத்தில் இது வேகம் கூட்டிற்று. கணவாயில் வாடைக்காற்று எதிரே அறைந்தது. அவ்வளவு விரைவாக அக்காற்றுக்குள் நான் புகுந்ததே இல்லை. இரு கண்ணும் அருவியாயின. துடைக்கக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன்; ஆகவே துடைக்கவில்லை.

அந்நிலையிலேயே மேற்பிரிவு லயத்து வாசலில் போய் நின்றேன். வாசலில் இருந்த பெண்ணொருத்தி என் முகத்தைக் கண்டாள். முந்தின நாள் மாலைதான் கங்காணிக்குச் சளி முற்றியிருக்கிறது என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"டாக்டரையா அழுதுகிட்டே வர்றாரு," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுக்குமுன் நான்கைந்து பெண்கள் கூந்தலை அவிழ்த்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டனர். கங்காணி கப்பலேறி வந்ததும், காடு வெட்டியதும், கடுக்கன் போட்டதும் முறையாகப் பாட்டில் வந்தன. மூன்றாம் அடியில் உள்ளேயிருந்து இருமல் கேட்டது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கங்காணி வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்தபடி கேட்டார்.

"யாருடி போயிட்டது?"

பாட்டு நின்றது. 

"நீங்கதான், மாமா," என்றாள் முதலில் அழுதவள்.

"கடுக்கன் ரெண்டு சோடி. ஒண்ணுன்னு பாடுறீங்க."

இக்கூச்சலைக் கேட்டுப் புதிய துரையும் பெரட்டிலிருந்து நடந்து வந்துவிட்டார். பெயர் அழைப்பு இன்னும் முடியவில்லை என்பது அவர் பின்னால் பெரட்டுத் திடலில் கலையாமல் நின்ற வரிசையிலிருந்து தெரிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். குதிரையைச் சுற்றி வந்து, குனிந்து நான்கு குளம்பையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் அழுகிறாய்?"

"காற்று, துரை."

அவர் தலையசைத்துவிட்டுப் பெரட்டுக்குத் திரும்பினார். மொனராகலை என்ற சொல்லை அதன்பின் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுறாதீங்க. ஏறுறவன் அழுவான்னு சரியாத்தான் போட்டிருக்கு," என்றாள். மறுநாள் பழைய கம்பளித் துண்டொன்றைக் கிழித்து, கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை விட்டு, எனக்கொரு முகமூடி தைத்துக் கொடுத்தாள். அதை அணிந்து மேற்பிரிவுக்குப் போனேன். லயத்துக் குழந்தைகள் அனைத்தும் அலறி ஓடின. அடுத்த நாள் முதல் லயத்துக்குச் சற்று முன்பாகவே குதிரையை நிறுத்தி, முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு, புன்னகையோடு நுழையும் வழக்கத்தை மேற்கொண்டேன்.