கரி பூசிய கிளிஞ்சல்

நீங்கள் கடைசியாக எப்போது ஒரு காக்கையோடு இங்கிலீஷில் சண்டை போட்டீர்கள்?

திரௌபதி தினமும் போடுகிறார். “கோ, க்ரோ, கோ! திஸ் இஸ் நாட் யுவர் ஃபிஷ்! யூ ஆர் எ தீஃப்! யுவர் ஃபாதர் ஆல்சோ தீஃப்!” காக்கை கருவாட்டுக் களத்தின் மூங்கில்மேல் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கிறது. அவர் விடுவதில்லை. “இன்னா பாக்குற? அண்டர்ஸ்டாண்ட் ஆவலையா? ஐ வில் டெல் அகெய்ன்” என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

சிரிப்பு வருகிறதா? அடக்கிக்கொள்ளுங்கள். கோட்டைக்குப்பத்தில் திரௌபதியும் மற்ற பெண்களும் இறால் உரிக்கும் கொட்டகையில், ஒருவர் இங்கிலீஷ் பேசும்போது இன்னொருவர் சிரித்தால் தண்டனை உண்டு. அன்றைக்கு உரித்த இறால் தலைகளையெல்லாம் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஊரில் பெரிய மனிதரான கங்காதரன் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்து சிரித்துவிட்டார். அவரும் சுமந்தார். வழியெல்லாம் கூடைத் தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

திரௌபதி ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி. குரல் மட்டும் கனம். மூக்குக் கண்ணாடியின் உடைந்த காதை வலை நரம்பால் கட்டியிருக்கிறார். கருவாடு பொட்டலம் கட்ட வரும் பழைய இங்கிலீஷ் செய்தித்தாளை ஒரு வரியாவது உரக்கப் படிக்காமல் அவர் மடிப்பதில்லை. வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள். “இருங்க, இந்த அமைச்சர் இன்னா சொல்றாருன்னு முடிச்சிக்கிறேன்” என்பார். முடித்ததும் அமைச்சரை வஞ்சிரக் கருவாட்டின்மேல் சுற்றிக் கொடுத்துவிடுவார்.

அவருடைய கொட்டகையில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஏரியின் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் எவர் எப்போது வலை போடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவருடைய பாடு நடக்கும்போது, மீன் துள்ளிக் கொட்டினாலும் அந்தத் தண்ணீரில் மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள். அழகான ஒழுங்குதான். ஆனால் அந்தச் சீட்டுக் குலுக்கலில் ஒரு பெண்ணின் பெயர் கூட இருக்காது. பிடித்த மீனைப் பிரித்து, உரித்து, உப்பிட்டு, காயவைத்து, விற்றுக் குடும்பம் காப்பவள் பெண். தண்ணீரில் மட்டும் அவளுக்கு முறை கிடையாது. ஏன் என்று கேட்டால், “அது அப்படித்தான்” என்கிறார்கள். உலகத்தில் இருக்கிற எல்லா அநியாயத்துக்கும் இந்த ஒரே பதில்தான்.

திரௌபதி யாரிடமும் சண்டை போடவில்லை. இங்கிலீஷில் ஒரு பாடு வைத்துவிட்டார்.

காலையில் வேலை தொடங்கும் முன் தகர டப்பாவில் கிளிஞ்சல்களைப் போட்டுக் குலுக்குகிறார்கள். ஒன்றில் மட்டும் உட்புறம் கரி பூசியிருக்கும். அது யார் கைக்கு வருகிறதோ அவள்தான் அன்று கொட்டகையில் இங்கிலீஷ் பேச வேண்டும். மற்றவர்கள் காது கொடுக்கலாம், தமிழில் பதில் சொல்லலாம். குறுக்கே இங்கிலீஷ் பேசக்கூடாது. அது அவளுடைய தண்ணீர். ஆரம்பத்தில் யாரோ டப்பாவுக்குக் கற்பூரம் காட்ட வந்தபோது திரௌபதி ஊதி அணைத்தார். “அம்மனுக்கே இங்கிலீஷ் தெரியாது. அத எதுக்கு இதுல இழுக்குற?”

பேசுவதற்கும் முறை உண்டு. பொருள்களின் பெயரை மனப்பாடம் செய்யக் கூடாது. கை என்ன செய்கிறதோ அதை வாய் சொல்ல வேண்டும். “ஐ யாம் டேக்கிங் த ப்ரான். ஐ யாம் புல்லிங் த ஹெட். த ஹெட் இஸ் நாட் கமிங். நவ் இட் இஸ் கமிங்.” தப்பு வந்தால் நடுவில் நிறுத்தித் திருத்தக் கூடாது. வேலை முடிந்து கை கழுவும்போது ஒரே ஒரு தப்பைச் சொல்லலாம். “ஒரு தபாவுல ஒரு கிழிசலதான் தைக்க முடியும். எல்லாத்தையும் காட்டுனா, வலையவே தூக்கிப் போட்டுட்டுப் பூடுவா” என்பார்.

புதிதாக வருகிறவளை முதலில் பேசவே விடமாட்டார். கைப்பேசியில் இங்கிலீஷ் செய்தியைப் போட்டு, அர்த்தத்தைப் பார்க்காமல் அதன் ராகத்தை மட்டும் முணுமுணுக்கச் சொல்வார். இது அவருடைய தகப்பனார் பச்சைமுத்துவின் ரேடியோவிலிருந்து வந்த பாடம். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இறால் கையிலேயே நின்றுவிடும்.

“நைனா ரேடியோவ பிளாஸ்டிக் பையில சுத்தி கட்டுமரத்துல கட்டி வச்சிருக்கும். கரைக்கு வரும்போது இங்கிலீஷ் நியூஸ் ஓடினே இருக்கும். இன்னா நைனா சொல்றாங்கன்னு கேட்டா, ‘யாருக்குத் தெரியும், நல்லா கீதுல்ல?’ன்னும். எனக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா எங்க ஏறும் எங்க எறங்கும்னு தெரியும், காத்து மாதிரி. பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் அந்த ராகத்துலயே பேசினு போவேன். ஒரு வாடைக் காத்துல மரம் கவுந்து ரேடியோ கடலோட பூட்ச்சு. நைனா நீந்தி வந்துட்டாரு. நான் ரேடியோவுக்குத்தான் அழுதேன்.” சொல்லிவிட்டு, அந்தக் கரையையே பார்க்கிற மாதிரி வாசல் பக்கம் பார்ப்பார். அப்புறம் இறாலின் தலையைக் கிள்ளுவார்.

பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தேறினார், இங்கிலீஷைத் தவிர. அதோடு படிப்பு நின்றது. ராகம் தெரிந்த பெண்ணுக்கு யாரும் சொல் கொடுக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு வண்டி வண்டியாக ஆட்கள் வந்து, இந்தப் பெண்களின் தலைக்கு மேலே இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். “எங்களப் பத்திதான் பேசுறாங்கன்னு தெரியும். இன்னா பேசுறாங்கன்னு தெரியாது. நம்ம வூட்டு சாவுல நாமளே வெளி ஆளு மாதிரி நின்னோம்.” அப்புறம்தான் அவர் பொட்டலத் தாள்களில் சொல் பொறுக்கத் தொடங்கினார், கிளிஞ்சல் டப்பாவும் வந்தது.

அந்த ஆரம்ப நாட்களை நான் பார்த்திருக்கிறேன். கீற்றுக் கொட்டகை, குவியல் குவியலாக இறால், அதன் நடுவே தேவகி என்ற பெண் முதல் முறை கரிக் கிளிஞ்சல் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, துணிக்குள்ளிருந்தே “மை நேம் இஸ் தேவகி” என்றாள். கொட்டகையே கை தட்டியது. இறால் தோல்கள் எல்லார் முகத்திலும் தெறித்தன. இப்போது கொட்டகைக்குத் தகரக் கூரை. இறால் குவியல் சிறுத்துவிட்டது. தேவகி கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, ஹலோவிலிருந்து பை வரை இங்கிலீஷிலேயே பேசுகிறாள். திரௌபதி போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்கவைப்பார், தகப்பனாரின் ரேடியோ மாதிரி.

போன மாதம்தான் அந்தக் காரியம் நடந்தது. முகத்துவாரத்தில் கல் கொட்டிச் சுவர் எழுப்பப் போகிறார்களாம். கற்களை அடுக்கி வைக்க இடம் தேடி அதிகாரிகள் குழு ஒன்று வந்தது. தூறல் போட்டிருந்ததால் பெண்கள் மீன் காயும் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கருவாட்டுக் களம் வெறும் மணலாகக் கிடந்தது. வந்தவர்களில் பெரியவர் அதைக் காட்டி, கொட்டகையைப் பார்த்துக் கேட்டார்: “இஸ் எனிபடி யூஸிங் திஸ் லேண்ட்?”

ஒவ்வொரு பெண்ணுக்கும் கேள்வி புரிந்தது. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அன்றைய கரிக் கிளிஞ்சல் மாலாவிடம் இருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து மருமகளாக வந்தவள், கொட்டகைக்குப் புதிது; ராகப் பாடம் முடிந்து அப்போதுதான் கிளிஞ்சல் எடுக்கத் தொடங்கியவள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, “ஓகே, நோபடி” என்று சொல்லி வண்டியில் ஏறிவிட்டார்.

மறுநாள் நான் போனபோது கொட்டகை கொதித்துக்கொண்டிருந்தது. பேசியது கோவிந்தம்மா, திரௌபதியைவிட மூத்தவர்.

“இவளுக்கு காக்காவத் தொரத்தத் தெரியுது, ஆபீசரத் தொரத்தத் தெரில! நீ வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமாமே?”

“பாடு மாலாவுதுக்கா” என்றார் திரௌபதி.

“பாடாம் பாடு! களம் போனா உன் பாட வச்சினு இன்னா பண்றது, ஊறுகாயா?”

“நான் குறுக்க பேசியிருந்தா மாலா இனிமே பேசவே மாட்டா.”

மாலா மூலையில் குனிந்து உரித்துக்கொண்டிருந்தாள். “என்னாலதான் போச்சு” என்றாள். அதைத் தமிழில்தான் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன், தமிழில் சொல்லியிருக்கலாமே! தமிழ்நாட்டில் நின்றுகொண்டு தமிழ்ப் பெண்களிடம் அவர் ஏன் இங்கிலீஷில் கேட்க வேண்டும்?” என்றேன்.

திரௌபதி என்னைப் பொறுமையாகப் பார்த்தார். “சுனாமியில தமிழ்லதான சொன்னோம் சார்? தலைய ஆட்டிட்டு, அவங்களுக்குள்ள இங்கிலீஷ்ல பேசினு பூட்டாங்க. நாங்க இங்கிலீஷ் கத்துக்கிறோம். அவங்களுக்குத் தமிழ் பாடு எப்ப வரும்?”

யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

வேலை முடிந்து எழுந்தபோது, திரௌபதி கோவிந்தம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “நீ சொன்னது கரெக்ட்டுக்கா. ஏரியில நமக்குப் பாடு இல்லனு வயிறு எரிஞ்சேன். நான் வச்ச பாடும் ஒருத்திய தவிர மத்தவங்கள கரையிலதான் நிக்க வச்சிருக்கு.”

அந்தக் குழு இந்த மாதக் கடைசியில் அளவெடுக்க மறுபடி வருகிறது. செய்தி வந்ததிலிருந்து காக்கைக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இப்போது அதற்கு “சார்” என்று பெயர். “குட் மார்னிங், சார். வீ ஆர் யூஸிங் திஸ் லேண்ட். மை மதர்-இன்-லா ஆல்சோ யூஸ்ட்” என்று மாலாவின் குரல் இப்போது ஏரிக்கரை வரை கேட்கிறது. காக்கை பறந்துவிட்டால், “வெய்ட், சார், ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்ட்!” என்று பின்னாலேயே ஓடுகிறாள். யாராவது சிரித்தால் கூடை காத்திருக்கிறது.

நேற்று நான் விடைபெறப் போனபோது திரௌபதி களத்தின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் தகர டப்பா, கையில் அடுப்புக் கரி. கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கரி பூசி, ஊதி, மணலில் காயவைத்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வண்டியில் வரப்போகிறவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், அல்லது அப்படி ஒருவர் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இருந்தால், கருவாட்டுக் களத்தின் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். முதல் கேள்வியைத் தமிழில் கேளுங்கள். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். கடைசிப் பெண் முடிக்கும்வரை நின்று கேளுங்கள்.