மைக் முன்னால் நின்ற அத்தை

ஒரு காலத்தில் எங்கள் அத்தை நாளைக்கு நான்கு முறை குளிப்பாள். நிஜத்தில் அல்ல, தொலைபேசியில். மணி அடித்தால் நான்தான் எடுக்க வேண்டும். யார் கேட்டாலும் "அத்தை குளிக்கிறாங்க" என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. பொய் சொல்லக் கூச்சமில்லை. ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அலுத்துப்போனது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கள்ளிக்குப்பத்தில் எங்களோடுதான் இருந்தாள். இருபது வயதில் வானொலி நாடகத்துக்குப் போனவள். முதல் நாளே கிழவி வேடம். ஐம்பதைத் தாண்டியும் பத்து வயதுப் பையனாகப் பேசிக்கொண்டிருந்தாள். "முகத்துக்குத்தான்டி வயசு, குரலுக்கு ஏது?" என்பாள். நடுவில் தொலைக்காட்சி வந்து அவளை அம்மாவாக்கியது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு பங்களாவில் எடுத்த தொடரில் நான்கு வருடமாகக் கதாநாயகிக்குத் தாய். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் வந்து, மருமகனை நம்பாதீங்கம்மா என்று எச்சரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாத்திரத்தை முடித்துவிட நினைத்தால் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க மேடம்" என்று மட்டும் கேட்பார்கள். அடுத்த வாரமே அது சட்டத்துக்குள் போய், மாலை விழுந்து, முன்னால் விளக்கு எரியும். போட்டோ கைக்கு வராதவரை தன்னைச் சாகடிக்க முடியாது என்று அத்தை நம்பினாள். இத்தனை குளியலும் அதற்காகத்தான். இதையெல்லாம் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தொடர் கம்பெனி ஆள் வண்டியில் வந்து கதவைத் தட்டினார்.

"பாப்பா, அத்தை கீறாங்களா?"

"குளிக்கிறாங்க." அன்றைக்குப் பார்த்து அது உண்மை.

"எப்போ கேட்டாலும் குளிச்சிகினே கீறாங்களே! ஒரே ஒரு போட்டோ வோணும் பாப்பா. பழைய போட்டோவா இருந்தா இன்னும் நல்லது. இல்லாங்காட்டி டைரக்டரு என்னை ஊட்டுக்கு அனுப்பிடுவாரு."

பாவமாக இருந்தது. ஷோகேஸைத் திறந்து, இருப்பதிலேயே அழகான படத்தை எடுத்துக் கொடுத்தேன். நீளப் பின்னலோடு மைக் முன்னால் நிற்கும் அத்தை. அவள் பேசிய முதல் நாடகத்தன்று எடுத்தது.

ஈரத் தலையோடு வந்தவள் ஷோகேஸைப் பார்த்தாள். நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா வந்ததும் என் முதுகில் ஒன்று வைத்தாள். "அத்தை பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!"

இரண்டாவது அடியை அத்தை தடுத்தாள். "எந்தப் படம் குடுத்த?"

"மைக் இருக்குமே, அது."

ஷோகேஸில் காலியான இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எழுந்துபோய் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் பூந்தமல்லிக்குக் கிளம்பினாள்.

"மாலை போடுங்க சார், தாராளமா போடுங்க" என்றாள் டைரக்டரிடம். "ஆனா படத்துல இருக்கிறவ மைக் முன்னாடி நிக்கிறா. வாயை மூடிக்கிட்டா இருப்பா? பொண்ணு அழும்போதெல்லாம் அம்மா குரல் வரணும். நான் ரேடியோக்காரி. பேசறதுக்கு எனக்கு மூஞ்சி வேண்டாம்."

அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி பேசினாள். "அழாதடா கண்ணு, நான் எங்கடா போயிடப்போறேன்?" டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். போட்டோ வாங்க வந்த ஆள் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைரக்டர், இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றார்.

செத்த பிறகு அத்தை அந்தத் தொடரில் இரண்டு வருடம் பேசினாள். உயிரோடு இருந்தபோது இவ்வளவு வசனம் கிடையாது என்று பீற்றிக்கொள்வாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, அந்த மாலை முதலில் விழுந்த சாயங்காலத்தைப் பற்றி. டிவி நிறைய அத்தையின் படம். ரோஜா மாலை, குத்துவிளக்கு. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். அத்தை மட்டும் முறுக்கைக் கடித்தபடி, "மாலை சின்னதா இருக்கே, கஞ்சப் பசங்க" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்த படத்தை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை, என் போட்டோவையும் அவங்ககிட்ட குடுங்க. எனக்கும் இதே மாதிரி மாலை போடச் சொல்லுங்க" என்றேன்.

முறுக்குக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்கவில்லை. டிவியில் அவள் குரல் நிதானமாகப் பேசிக்கொண்டே போனது.

ஒரே வீட்டில் இரண்டு நடிகைகள் இருப்பது அத்தைக்குப் பொறுக்கவில்லை என்று முடிவுகட்டி, அன்று நான் சாப்பிடாமலே படுத்துக்கொண்டேன்.