பிளேக் பயமும் என் பிஸ்கட் பங்குகளும்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பங்குச் சந்தையில் கை வைத்து, சுட்டுக்கொள்ளாமல் எடுத்தவன். பட்டம் வாங்கிவிட்டுப் பங்கில் பணத்தை விட்டவர்கள் ஓசூரில் எத்தனையோ பேர். அவர்கள் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன்.

கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்தவன். கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரும் கேட்டுக்குள்ளே வேலை கேட்டு நின்றார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்ற லாரிகளைப் பார்த்தேன். எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பஞ்சர் கடை போட்டேன். அதுவே பெரிய டயர் கடையானது. தெலுங்கும் கன்னடமும் இந்த ஊரில் தானாக வரும். இந்தியை லாரி டிரைவர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்த வருடம், பாகலூர் ரோட்டில் வீடு கட்ட ஒரு சைட்டுக்கு, அதாவது மனைக்கு, அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். மீதிப் பணம் தயாராக இருந்தது. தீபாவளிக்குள் பத்திரம் பதிய வேண்டும், இல்லாவிட்டால் சைட்டும் போகும், அட்வான்ஸும் போகும். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் என்னோடு காலம் தள்ளிய என் மனைவிக்கு அந்த சைட்டுதான் கனவு.

ஊரெல்லாம் பிளேக் பேச்சு. மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை தீர்ந்துவிட்டது. கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்கள். கம்பெனியில் பிட்டராக இருந்த என் மச்சான், மனைவியின் தம்பி, பெங்களூர் புரோக்கர் மூலம் பங்கு வாங்குகிறவன். அவன் ஓடி வந்தான்.

"மாமா, மருந்துக் கம்பெனி பங்கு வாங்கினா இப்போ ரெண்டு மடங்கு!"

"மருந்து நோய் வந்தவனுக்குத்தான்டா. சோறு எல்லாருக்கும். நீ பேப்பரைப் பாக்கற, நான் ரோட்டைப் பாக்கறேன்."

ரோட்டில் பார்த்தது இதுதான். தட்டு நிறையச் சோறு தின்கிற வடக்கத்தி டிரைவர்கள், லாரிப் படியில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை. எலி வாய் வைக்க முடியாத, சீல் போட்ட பண்டத்தைத்தான் நம்புகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். நோய் தெற்கே வந்தால் நாடே பாக்கெட்டுக்கு மாறும். சைட்டுப் பணத்தை எடுத்து, மச்சானின் புரோக்கர் மூலம் பிஸ்கட் கம்பெனி ஒன்றிலும் ரொட்டிக் கம்பெனி ஒன்றிலும் போட்டேன். விலையும் ஏறத் தொடங்கியது. நான் நினைத்ததை மற்றவர்கள் நினைக்கச் சில நாள் ஆனது, அவ்வளவுதான்.

மச்சான் அக்காளிடம் உளறிவிட்டான்.

"சைட்டுக்கு வெச்ச துட்டைப் பிஸ்கோத்துல போட்டுட்டீங்களாமே? இன்னா பண்ணப் போறீங்க, பிஸ்கோத்தை அடுக்கி செவுரு எழுப்புவீங்களா?"

"ஏறுதுடி. இன்னும் ஏறும்."

"ஏறினது எறங்காதா? பரணுல ஏறின பூனையே எறங்குது."

நான் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு அடுத்த லாரிக்கு நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் குஜராத் நம்பர் லாரி ஒன்று டயர் வெடித்து வந்து நின்றது. டிரைவர் பழைய வாடிக்கை. என்னைவிட மூத்தவர், ஓட்டை உடைசல் தமிழ் பேசுவார். நான் டயரைக் கழற்ற, அவர் பிஸ்கட்டைப் பிரித்தார்.

"நல்ல வேலை பண்றீங்க. சீல் போட்டதைச் சாப்பிட்டா பயமில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். "பயம் எனக்கா? உஸ்தாத், நம்பர் ப்ளேட் பாத்து ஓட்டல்காரன் கதவு மூடறான். பூனாவுல இருந்து ஒருத்தன் சோறு போடலே. காசு தூரமா வெக்கச் சொல்லி பாக்கெட்டைத் தூக்கிப் போடறான், நாய்க்குப் போடற மாதிரி. பிஸ்கட் பாத்தாலே வாந்தி வருது."

அவர்கள் பாக்கெட்டை நம்பித் தின்னவில்லை. வேறு வழியில்லாமல் தின்றிருக்கிறார்கள்.

உள்ளே இருந்த என் மனைவி இதைக் கேட்டிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், சுடச்சுடச் சோறும் கொள்ளுச் சாறும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்து மெஸ்காரர் பதறிவிட்டார்.

"யம்மா, அந்த ஊரு ஆளும்மா அது! ஒட்டிக்கப் போவுது. என் கடைக்கு ஒருத்தன் வருவானா?"

"உங்க சாம்பாரைத் தின்னே சாகாதவங்க, இதுலயா சாகப் போறாங்க? போங்கண்ணா."

அந்த டிரைவர் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டும். முதல் கவளத்தில் கண்ணை மூடிக்கொண்டார். சாறு ஊற்ற ஊற்றச் சோறு போன இடம் தெரியவில்லை. பிரித்த பிஸ்கட் பாக்கெட் படியிலேயே கிடந்தது, அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஓட்டல் கதவு திறக்கிற வரைக்கும்தான் பிஸ்கட்டுக்கு மவுசு. கதவு ஒன்று ஏற்கெனவே திறந்தாயிற்று, அதுவும் என் வீட்டுக் கதவு.

விடிந்ததும் மச்சானை இழுத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினேன். பங்குப் பத்திரம் கைக்கு வருவதற்கு முன்பே பங்கை விற்கலாம் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

"இன்னும் ஏறும், அவசரப்படாதீங்க. நோயே இன்னும் இந்தப் பக்கம் வரல்லையே" என்றார் புரோக்கர்.

"நோய் வரட்டும், வராம போகட்டும். ஜனங்க சோத்துக்குத் திரும்பிடுவாங்க. வித்துடுங்க" என்றேன். மச்சான் தான் வாங்கி வைத்திருந்த மருந்துப் பங்குகளைத் தொடவே விடவில்லை.

அடுத்த சில நாளில் பயம் தணிந்தது. பிஸ்கட்டும் இறங்கியது, மருந்தும் இறங்கியது. மச்சான் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போட்டதும் அதற்கு மேலேயும் என் கையில் இருந்தது.

தீபாவளிக்கு முன்பே பதிவு ஆபீஸில் போய் நின்றோம். யார் பெயருக்கு என்று பத்திரம் எழுதுகிறவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி தன் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"என்னடி இது?" என்றேன்.

"உங்க பேர்ல இருந்தா, அடுத்த நோய் வர்றப்போ வித்துடுவீங்க."

எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றேன். "சம்பாதிக்கிறது நம்ம வேலை. வெச்சுக் காப்பாத்தறது அவ வேலை."