கப்பல் விட்டுக் கப்பல் போன பம்பு

என் தம்பி கடற்படையில் மெக்கானிக். இயந்திர அறையில் அவனுக்கு 'டாக்டர்' என்றுதான் பெயர். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கேட்பானாம். வேலை கிடைத்த அன்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் நான். இன்றும் சொல்வேன்.

அவனுடைய துறைமுகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. உதிரிபாகம் கேட்டால் சீக்கிரம் வராது. அதனால் எந்தக் கப்பலைச் சோதிக்க அதிகாரிகள் வருகிறார்களோ, அதற்கு இன்னொரு கப்பலிலிருந்து நல்ல சாமானைக் கழற்றி மாட்டுவார்கள். "எங்க தீயணைப்புப் பம்பு எங்களைவிட அதிகமா ஊர் சுத்துதுக்கா" என்று போனில் சிரிப்பான்.

கடைசியாக அந்தப் பம்பைக் கேப்டன் சொல்லி அவனே கழற்றி, பக்கத்துக் கப்பலுக்குக் கொடுத்தான். அது திரும்பி வருமுன் இவர்கள் புறப்பட உத்தரவு வந்தது. மிச்சமிருந்தது ஒரு பழைய பம்பு. சத்தம் போட்டுச் சுற்றும், தண்ணீர் ஏறாது. இப்படியே கடலுக்குப் போகக் கூடாது என்று தம்பி கேப்டனிடம் சொன்னான். அவருக்கும் தெரியும். ஆனால், கப்பல் தயாரில்லை என்று மேலிடத்தில் சொன்ன இன்னொரு கேப்டனைக் கப்பலை விட்டு இறக்கிக் கிடங்கு வேலையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"நீ வரலேன்னா வேற ஆளைப் போட்டுக்குறேன்" என்றாராம் தம்பியின் கேப்டன்.

அன்று மாலை தம்பி போன் செய்தான். போகாதே, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள் என்றேன்.

"எனக்குப் பதிலா வர்றவனுக்கு அந்தப் பம்பைப் பத்தித் தெரியாதுக்கா" என்று வைத்துவிட்டான்.

நடுக்கடலில் எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. பழைய பம்பு சுற்றியது, தண்ணீர் வரவில்லை. தம்பி புகைக்குள் போய் எண்ணெய் வரும் வழியை அடைத்தான். கப்பல் தப்பியது. கூட வேலை பார்த்த வெல்டர் தப்பவில்லை.

பம்பு பழுதென்றே தனக்குத் தெரியாது என்றார் கேப்டன், விசாரணையில். தம்பி, அவர் சொன்னதால் நல்ல பம்பைத் தன் கையாலேயே கழற்றியதாகச் சொன்னான். கேப்டனுக்கு இடமாற்றம். நுரையீரல் வெந்துபோன இவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் வெல்டரின் மனைவி வந்தாள். நான் முந்திக்கொண்டு, இவன் எவ்வளவோ சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்றேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"கழட்ட மாட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே."

தம்பி மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"சொல்லியிருக்கலாம்மா" என்றான்.