புது கேஸ் ஏற்றிய நாள்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஏசி கம்பெனி புது கேஸுக்கு மாறிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

குளிர வைக்க ஏசிக்குள் அடைக்கும் பழைய கேஸ் வெளியே கசிந்தால் பூமியின் சூட்டை ரொம்பவே ஏற்றுமாம். அதைப் படிப்படியாகக் குறைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருப்பதாகப் பயிற்சியில் சொன்னார்கள். புதுசு அவ்வளவு சூடேற்றாது; அதற்கென்று செய்த ஏசி கரண்டையும் குறைவாகவே இழுக்கும். ஆனால் தீப்பிடிக்கக்கூடியது. அதனால் முதல் நாள் எல்லோருக்கும் உள்ளூர உதறல்.

கேஸ் ஏற்றிய ஏசியின் குழாய் இணைப்புகளில் கசிவுக் கருவியின் முனையை வைத்துப் பார்ப்பது என் வேலை. துளி கசிந்தாலும் அது கத்தும். முதல் ஏசிக்கே கத்தியது. அடுத்ததற்கும் கத்தியது.

"இன்னாம்மா இது, எல்லாமே லீக்கா கீது?" காலையிலிருந்தே என் பின்னால் நின்ற சூப்பர்வைசர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்று அன்று புதுச் சட்டையில் வந்திருந்தார். ஏசிகள் வரிசையாக நகரும் லைனை நிறுத்தச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற என் திருநெல்வேலித் தோழி கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, தீ கீ புடிச்சிராதுல்லா?"

அதற்குள் யாரோ கூப்பிட, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனார். கருவி அடங்கிவிட்டது. அதே ஏசி, அதே இணைப்பு, சத்தமே இல்லை. அவர் திரும்பி வந்து குனிந்தார், மறுபடி கத்தியது. நான் எதையும் யோசிக்காமல் முனையை அவர் சட்டைப் பக்கம் திருப்பினேன். அலறியது.

"சார், இன்னா சென்ட் போட்டுகினு வந்தீங்க?"

"ஐயையோ, நாந்தான் லீக்கா?" தலையில் கை வைத்துக்கொண்டு அவர்தான் முதலில் சிரித்தார். சென்ட்டின் ஆவியையும் கருவி கேஸ் என்றே நினைத்துவிட்டது; லைனே சிரித்தது. பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முகம் கை கழுவி, ஸ்டோரில் கிடைத்த தொளதொள யூனிஃபார்மில் வந்து லைனை ஓட்டச் சொன்னார். கருவி வாயைத் திறக்கவில்லை. முதல் ஏசியைச் சோதனை அறையில் போட்டதும் எங்களையும் உள்ளே கூப்பிட்டார். பழைய மாடலைவிடக் கரண்ட் குறைவு என்று மீட்டர் காட்டியது. தோழி காற்றுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். "குத்தாலத்துல நிக்க மாதிரி இருக்குட்டி."

கரண்ட் சிக்கனத்துக்கான ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரை என்னிடம் நீட்டினார் சூப்பர்வைசர். "நீயே ஒட்டும்மா."

விரலால் நீவி நீவி ஒட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.