எஞ்சினுக்குள் சீரகம்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் துண்டும் எண்ணெயும் விற்க ஆள் கூப்பிட வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் என் அண்ணன் அதற்கும் ஆள் கூப்பிட்டான், ஒரு பொம்மை ரயிலை வைத்து. அவன் கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த பரிசு அது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை வரவில்லை. வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த ரயில் கடைசியில் கடைக்கு வந்து, கண்ணாடிக்குள் சுற்றிச் சுற்றிச் சம்பாதிக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நின்றுவிட்டது. கூட்டம் எதிர்க்கடைக்கு நகர்ந்தது. தென்காசியில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஆள் வந்தது. ரேடியோவும் ரயிலும் ஒன்றா என்று யாரும் கேட்கவில்லை. கரண்டு ஓடுகிற சாமான் எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் அது என் தலையில்தான் விடியும், டார்ச் லைட் உட்பட.

"ஏலே, இன்னைக்கு ஓடலன்னா கடைக்கு வார சுரண்டை ஊர்க்காரருக்குக் குடுத்துருவேன். பேரனுக்குக் கேக்காரு" என்றான் அண்ணன். கடைக்குப் பின்னால்தான் வீடு. மதினி அடுப்படி வாசலில் நின்று என் கையையே பார்த்தாள்.

முதலில் டிரான்ஸ்பார்மரைக் குற்றவாளியாக்கினேன். அது சாதுவாக உறுமிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தில் சின்ன பல்பைத் தொட்டு வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. ஆகவே கரண்டு தண்டவாளம் வரை வருகிறது, எஞ்சின்தான் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. சாரல் ஈரம்தான் காரணம் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அண்ணன் பயபக்தியோடு கேட்டான். பிறகுதான் எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

சக்கரமெல்லாம் கறுத்த பிசுக்கு. மோட்டாரைத் திறந்தால் நல்லெண்ணெய் வாசனை. கார்பன் துண்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு சீரகம். குளிக்கிற எண்ணெயில் சீரகம் போட்டுக் காய்ச்சுகிற வீடு அது.

"மதினி?" என்றேன்.

"நாள் பூரா ஓடுதுல்லா, தொட்டா கொதிக்குது. சூடு தணியட்டும்னு சனிக்கிழமை சனிக்கிழமை வைக்கேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது என்ன சனிக்கிழமை? நீங்க வெள்ளிக்கிழமைல்லா எண்ணெய் தேச்சுக் குளிப்பிய?"

"அது பொம்பளையளுக்கு. ஆம்பளப் பிள்ளைக்கு சனிக்கிழமைதான?"

என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் துண்டு மடிக்க ஆரம்பித்தான். மடித்து வைத்திருந்ததையே பிரித்து மறுபடியும் மடித்தான்.

பெட்ரோல் தொட்டுத் துடைத்து, கார்பனைச் சுத்தம் செய்து மாட்டினேன். ரயில் ஓடியது, கூட்டமும் திரும்பி வந்தது. சுரண்டைக்காரர் வந்து கேட்டபோது, "அது விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி" என்று அண்ணன் அனுப்பிவிட்டானாம்.

அடுத்த சனிக்கிழமை போனேன். கடையில் நெரிசல், ரயிலோ நின்றுகொண்டிருந்தது. பதறிப்போய்ப் பைக்குள் திருப்புளியைத் தேடினேன்.

"ஏலே, அதத் தொடாத" என்றான் அண்ணன். "மேல் தகரத்துல மட்டும்தான் வச்சிருக்கா. எண்ணெய் தேச்ச அன்னைக்கு அலையக் கூடாதுல்லா."